சோத்தாங்கைப் பக்கம்

— சோத்தாங்கைப் பக்கம்னேன், தாயி. நீ பீச்சாங்கைப் பக்கம் ஒடிச்சுக் கொண்டாந்து பாத்திரக்கடை வாசல்ல நிப்பாட்டிருக்க. யாவாரம் வந்துருச்சுன்னு கடைக்காரரு எந்திரிச்சே வந்துட்டாரு பாரு.

— தப்புத்தாண்ணே. திருப்புனதுக்கப்புறம் தெரியுது.

— அப்புறமாத் தெரிஞ்சு என்ன பண்ண?

— பின்னால எடுக்கவா?

— செத்த இரு. என் பக்கத்துப் பிரேக்க அமுக்கி அமுக்கி முழங்காலு வீங்கிப்போச்சு. காலையில ஆறு மணிக்கு ஏறுனது. நீ பன்னெண்டாவது ஆளு. வாரவுக எல்லாம் பழகிட்டுப் போயிருறாக. எனக்குத்தான் காலு போகுது.

— நான் மட்டும் என்ன, நாலு மணிக்கு எந்திரிச்ச ஆளு. ரெண்டு கடைக்குப் பூக் கட்டிக் குடுத்துட்டு அப்படியே வாரேன். வெரலப் பாருங்க, நாரு அறுத்து வச்சிருக்கு.

— சரி சரி, ரெண்டு பேரும் செத்த ஒக்காருவோம். கடைக்காரரே, ஒண்ணுமில்ல, எடுத்துர்றோம். ஆமா முனீஸ்வரி, கேக்கணும்னே இருந்தேன். திண்டுக்கல்லுல சந்துக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கு. எங்கிட்ட ஏன் வந்து சேந்த?

— மூணு எடத்துல பாத்துட்டுத்தாண்ணே வந்தேன். மொத எடத்துல ஒரு பையன். நல்லா ஓட்டுறீக, நல்லா ஓட்டுறீகன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பதினஞ்சு நாளும் கிளட்ச்சு, பிரேக்கு எல்லாம் அவன் காலுதான் அமுக்கிருக்கு. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு வேடிக்க பாத்துருக்கேன். எங்க வண்டியில ஏறி ஒக்காந்த அன்னைக்குத்தான் வெளங்குச்சு.

— அது சரி. ரெண்டாவது எடம்?

— காலையில மொத ஆளா நான் ஏறக் கூடாதுன்னுட்டாரு. வேற ரெண்டு பேரு ஏறி எறங்குன பெறகு வான்னாரு. அப்ப எனக்குக் காலையில அந்த ஒரு மணி நேரந்தான் ஒழிவு. எப்படிப் போக?

— ஏனாம், மொத ஆளா ஏறுனா என்னவாம்?

— என்னத்தச் சொல்ல. அவரு வழக்கம் அப்படி. மூணாவது ஆளு வாயத் தொறந்தாலே வசவு. மாடு மேய்க்கப் போன்னாரு. ராமுத்தாய்தான் சொன்னா, பாண்டியராஜ் அண்ணன்கிட்டப் போடி, கத்தாத மனுசன்னு.

— எந்த ராமுத்தாயி? என் சைடு கண்ணாடிய மூணு தடவ ஒடச்சுப்புட்டு, மூணு தடவையும் கண்ணாடி மேல குத்தஞ்சொன்னாளே, அவளா? அவளா என்னையக் கத்தாத மனுசன்னா?

— கத்துறதுக்குத் தெம்பு இல்லாத மனுசன்னா.

— அதான பாத்தேன். சரி, வண்டிய எடு. பின்னால பாத்து. ம்... ம்... வரட்டும். கிளட்ச்ச மெதுவா விடு. அவ்வளவுதான். கை காலெல்லாம் சுத்தமாப் படியுது உனக்கு. திருப்பத்துலதான் மண்ணள்ளிப் போடுற. டெஸ்ட்டு என்னைக்கு?

— வர்ற வியாழக்கெழம.

— இன்னும் மூணே நாளு. ரெண்டு தடவ பெயிலாயிட்டேன்னு சொன்னேல்ல?

— ரெண்டு தடவையும் இதே தப்புத்தான். ரைட்ல திருப்பும்மான்னாரு, நான் லெஃப்ட்ல போயிட்டேன். எறங்கிக்கோம்மான்னுட்டாரு. இந்தத் தடவையும் விட்டா என் பொழப்பே போச்சுண்ணே. நிலக்கோட்டையில மதன்குமாருன்னு பூ யாவாரி. ஆவணி ஒண்ணாந்தேதியில இருந்து திண்டுக்கல்லுக்கு டெய்லி லோடு உன் வண்டிக்குத்தான்னு சொல்லிருக்காரு. லைசென்சு கையில இருக்கணும். இல்லேன்னா வேற வண்டிக்குப் பேசிருவாரு. முகூர்த்த மாசம், மனுசன் எத்தன நாளைக்குக் காத்திருப்பாரு?

— வண்டி உன்னுதா?

— எங்க வீட்டுக்காரரு வண்டி. பழைய ஆம்னி வேனு. அவரு படுக்கையில விழுந்ததுல இருந்து ஆளப் போட்டு ஓட்டுனோம். அந்த டிரைவரும் பங்குனியில திருப்பூருக்குப் போயிட்டாப்ல. இப்ப வாசல்லதான் நிக்குது, கோழி அடஞ்சுக்கிட்டு.

— வீட்டுக்காரரு பேரு என்ன?

— பொன்னழகு.

— நீ இங்கிட்டு வந்துட்டா அவர யாரு பாத்துக்கிறா?

— முன்னால லாரி நிக்குதுண்ணே. ஆரன் அடிக்கவா?

— வேணாம், அவன் சரக்கு எறக்குறான். ஒதுங்கிப் போ. அப்படித்தான். ரவுண்டானா வருது, கியரக் கொற. சோத்தாங்கைப் பக்கம். சோத்தாங்கை, தாயி, சோத்தாங்கை... ஏலே ஆட்டோ, பாத்து. போச்சு.

— திரும்பவும் அதேதானா?

— அதேதான். ஓரங்கட்டு. வண்டிய ஆப் பண்ணு.

— நீங்களும் என்னைய வேற எடம் பாக்கச் சொல்லிருவீகளா? சொல்லிறாதீகண்ணே. இன்னொரு ஆளத் தேடி, அவருகிட்ட மொதல்ல இருந்து சொல்லி அழ எனக்குத் தெம்பு இல்ல. பயமா இருக்கு.

— யாரு சொன்னா அப்படி? அழாத. தண்ணி குடி. எனக்கு ஒண்ணு சொல்லு. நான் சோத்தாங்கைங்கும்போது உன் மனசுல என்ன ஓடுது?

— ஒண்ணும் ஓடாதுண்ணே. கை தானா இழுத்துட்டுப் போயிருது.

— டெஸ்ட்டுல அவரு ரைட்டுன்னுதான சொன்னாரு?

— ஆமா. எனக்கு இங்கிலீசு சட்டுனு வராது. ரைட்டுன்னா சோத்தாங்கைன்னு உள்ளுக்குள்ள ஒரு தடவ சொல்லிக்குவேன். சொல்லிட்டுத்தான் திருப்புவேன்.

— அது சரியாத்தான இருக்கு. அப்புறம் எங்கன இடிக்குது? இந்தா, நீ எந்தக் கையில சோறு திம்ப?

— எனக்கா, அவருக்கா?

— என்னது?

— நான் திங்கிற கையக் கேக்குறீகளா, அவருக்கு ஊட்டுற கையவா?

— இரு இரு. வெவரமாச் சொல்லு.

— அவருக்கு வாதம் வந்து சோத்தாங்கை சுத்தமா விழுந்துபோச்சுல்ல. ஒவ்வொரு வாயும் உருட்டி ஊட்டணும். சோறு, வெஞ்சனம் எல்லாத்தையும் பிசஞ்சு இந்தக் கையால அவருக்கு ஒரு வாய். மெல்லுறதுக்குச் செத்த நேரம் ஆகும். அந்த நேரத்துல பீச்சாங்கையில கரண்டிய எடுத்து நான் ஒரு வாய். தனியா ஒக்காந்து சாப்பிட எங்க நேரம், பூ வந்து எறங்கிருமே. நாலு வருசப் பழக்கம்.

— அடப்பாவமே. அப்ப நீ சோறு திங்கிற கை பீச்சாங்கை.

— நான் அப்படி நெனச்சதே இல்லண்ணே. நீங்க சொல்லும்போதுதான் எனக்கே தெரியுது.

— இருவது வருசமாக் கத்துக் குடுக்குறேன். லெஃப்ட்டு ரைட்டுல தடுமாறாத ஆளு கெடையாது. சோத்தாங்கைன்னு சொன்னா மட்டும் எவனுக்கும் மறக்காது, வயித்துப் பசி சொல்லிக் குடுக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். மூணு ஸ்கூலு, ரெண்டு டெஸ்ட்டு. ஒருத்தனுக்குமா இதக் கேக்கணும்னு தோணல?

— நீங்களும் பதினோராவது நாளுதான கேட்டீக.

— வாஸ்தவந்தான். சரி, இன்னைக்குக் கைய மறந்துரு. உன் கதவுப் பக்கம், என் பக்கம். இம்புட்டுத்தான். எடு வண்டிய. ரவுண்டானாவ இன்னொரு சுத்து வருவோம். கதவுப் பக்கம்.

— இப்படியா?

— அப்படித்தான். நேராப் போ. இப்ப என் பக்கம். ம். அந்த டீக்கடையத் தாண்டித் திரும்பக் கதவுப் பக்கம். நான் பிரேக்குல கால வைக்கவே இல்ல, பாத்துக்க. கதவுப் பக்கம். என் பக்கம். யோவ், ஓட்டுறாளய்யா.

— வந்துருச்சாண்ணே?

— வந்துருச்சு. என் முழங்காலக் கேளு, அது சொல்லும்.

— வியாழக்கெழம அந்த ஆபீசரு கதவுப் பக்கம்னா சொல்லுவாரு?

— சொல்ல மாட்டாரு. அவரு ரைட்டும்பாரு. உன் புத்தி உடனே சோத்தாங்கைங்கும், கை திரும்பவும் எடம் மாறிப் போயிரும். அதனால கையத்தான் திருத்தணும். மூணு நாள் இருக்குல்ல, போதும். நான் சொல்றதச் செய்வியா?

— செய்யிறேன். என்னன்னு சொல்லுங்க.

— இன்னைக்குச் சாயந்தரத்துல இருந்து நீ இந்தக் கையில அள்ளித் தின்னு. கரண்டியத் தூக்கிப் போடு. ஒவ்வொரு வாய்க்கும் இது ரைட்டு, இது ரைட்டுன்னு சொல்லிக்கிட்டே தின்னு. கேக்குறவுக சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகட்டும்.

— அதான் முடியல.

— ஏன் முடியாது? வீட்டுக்காரருக்கு மூணு நாளைக்குக் கரண்டியில ஊட்டு. பீச்சாங்கையில ஊட்டுறாளேன்னு வருத்தப்படுவாரோன்னு பாக்குறியா? நம்பரக் குடு, நானே பேசுறேன். டிரைவருக்கு டிரைவரு பேசுனா கேட்டுக்குவாரு.

— அவரு மாசியிலயே போய்ச் சேந்துட்டாருண்ணே. இந்தக் கையில சோறெடுத்தா இன்னமும் அவரு கட்டில் பக்கந்தான் போகுது.