கொற்கைக்கு வரும் கப்பல்

"ஏட்டி, கொற்கையில இன்னைக்கும் கப்பல் வந்து நிக்குதாம்."

ஏரல் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் பள்ளிச் சீருடையோடு இரண்டு பெண்கள். சொன்னவள் மடியில், பிரவுசிங் சென்டரில் அச்சடித்து வாங்கிய தாள்கள் இருந்தன.

"நான் கொற்கைக்காரி, எங்கிட்டயே சொல்லுதியா? கடலப் பாக்கணும்னா நாங்களே பஸ் ஏறணும்."

"இண்டர்நெட்டுல மூணு இடத்துல போட்டிருக்குட்டி."

கொற்கைக்காரி தாள்களை வாங்கிப் புரட்டினாள். "மூணுலயும் வரிக்கு வரி ஒண்ணுதான். எழுதுன ஆளு பேரு எதுலயும் இல்ல. நம்ம கிளாஸ்ல பாத்து எழுதுத மாதிரிலா எழுதியிருக்கானுவ."

"நாளைக்கு கொற்கையப் பத்தி எழுதி நோட்டு வைக்கணும். இருபது மார்க்கு. எங்கருந்து எடுத்தோம்னு அடியில எழுதணும்லா, உன் பேரப் போட்டுரட்டா?"

"என் பேரப் போட்டா டீச்சர் மார்க்கு போடுவாவளா?"

தாள்காரி தாள்களைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"போட மாட்டாவ. கப்பல் வந்துட்டுப் போட்டும்ட்டி" என்று ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

கொற்கைக்கு ரோடு பிரியும் விலக்கில் ஒருத்தி மட்டும் இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தாள்.