பாவி மேட்டில் கல் எறியாத மாதி

மலைக்கு இந்தப் பக்கம் ரோடும் வராத, கரண்டும் வராத காலம் அது. அப்போ நரிக்கல் கொட்டாய் என்று ஓர் ஊர் இருந்ததாம். ஊருக்குள் நுழையும் வண்டிப் பாதையோரம் ஆள் உயரத்துக்கு ஒரு கல்குவியல். பேர் பாவி மேடு. அந்த வழியாகப் போகிறவன், வருகிறவன் எல்லாம் ஒரு கல்லை எடுத்து, "பாவி, நாசமாப் போ" என்று எறிந்து, காறித் துப்பிவிட்டுத்தான் போவானாம். ஆடு மேய்க்கப் போகிறவனும் எறிவான். சந்தைக்குப் போகிறவளும் எறிவாள். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் கற்றுக்கொடுக்கும் முதல் வேலையே அதுதானாம்.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் மாதி. கழுத்துக் கயிற்றில் மஞ்சள்கூடக் காயவில்லை. கல்யாண வண்டியை மேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்களாம். மாமியார் பச்சையம்மா ஒரு கல்லை எடுத்து மருமகள் கையில் திணித்தாள்.

"எறிடி. எறிஞ்சுட்டுத் துப்பு. அப்புறந்தான் ஊருக்குள்ள கால் வைக்கணும்."

மாதி கல்லைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள்.

"யாரு மேல அத்தை எறியறது?"

"பாவி மேல."

"யாரு அந்தப் பாவி? என்ன பண்ணுச்சு?"

"பாவின்னா பாவிதான்" என்றாள் பச்சையம்மா. மாதி தன் புருஷன் கிட்டானைப் பார்த்தாள். அவன் மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட வந்தவர்களில் ஒருவர், "ஆடு திருடினவன்" என்றாராம். இன்னொருவர், "இல்லய்யா, வெஷம் வச்சவ" என்றாராம். ஆணா பொண்ணா என்பதிலேயே சண்டை வந்துவிட்டதாம்.

மாதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினம் தினம் திட்டுகிறார்கள். திட்டு வாங்குவது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

"யாருன்னே தெரியாம நான் துப்ப மாட்டேன் அத்தை."

அப்படி ஒரு வார்த்தையை அந்த ஊர் கேட்டதே இல்லை. சேதி போய், பெரியதனக்காரர் எல்லப்பன் வந்தார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஏம்மா, உங்கூர்ல பொண்ணுங்களுக்கு வாய் இவ்ளோ நீளமா?"

"கேக்கற அளவுக்கு இருக்குங்க மாமா."

"எங்கப்பன் எறிஞ்சான். அவங்கப்பன் எறிஞ்சான். நான் ஏன்னு கேட்டேனா?"

"கேட்டிருந்தா இப்ப எனக்குச் சொல்லியிருப்பீங்களே."

கூட்டத்தில் இளவட்டம் எதுவோ சிரித்துவிட்டதாம். எல்லப்பனுக்கு முகம் கறுத்துப்போனது. "பொழுது சாயறதுக்குள்ள எறியணும். இல்லன்னா தாலியைக் கழட்டிக்கிட்டு வண்டியத் திருப்புங்க" என்றார்.

திரும்பி வந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அப்பன் வீட்டிலும் இடம் கிடையாது. ஒரு கல், ஒரு எச்சில், முடிந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். அவள் எறியவில்லை. கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு மேட்டின் மேல் ஏறினாள். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் போட ஆரம்பித்தாளாம்.

"என்னடி பண்ற?"

"நீங்க சொல்லல. நானே பாத்துக்கறேன்."

ஊரே ரெண்டடி பின்னால் நகர்ந்தது. பாவி மேட்டில் கை வைத்தால் கை அழுகிவிடும் என்று நம்பிய ஊர். முதலில் வந்தவள் நாத்தனார் சின்னப்பாப்பா. "தள்ளு அண்ணி. சின்ன வயசுல நானும் இதத்தான் கேட்டேன். எங்கம்மா சூடு வச்சா" என்று தழும்பைக் காட்டினாளாம். பிறகு ஆடு மேய்க்கிற பையன்கள். பிறகு தண்ணிக்குப் போன பெண்கள், குடத்தை இறக்கி வைத்துவிட்டு. கடைசியாகத்தான் கிட்டான் வந்தான். பெரிசுகளில் ஒருத்தரும் வரவில்லை.

மேலே கிடந்ததெல்லாம் தாறுமாறாக எறிந்த கல். பாதிக்குக் கீழே போனதும் மாதியின் கை நின்றுவிட்டது. அடிக் கல் எதுவும் எறிந்த கல்லே இல்லை. சுவர் கட்டுவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் பக்குவமாக வைத்த கல். ஒவ்வொன்றிலும் காவிப் பொட்டு.

அதற்கும் உள்ளே ஒரு நடுகல். பாய்கிற புலி. அதன் வாயில் அரிவாளைச் சொருகுகிற ஒரு பெண். அவள் முதுகுக்குப் பின்னால் சின்னச் சின்னதாகப் பிள்ளைகள். அவள் காலடியில் கரி படிந்த அகல் விளக்குகள், குவியலாக.

பாவிக்கு யார் விளக்கு வைப்பார்கள்? முதலில் வந்தவர்கள் கும்பிட்டு ஒரு கல்லை வைத்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர்கள் அவசரத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எறிந்திருக்கிறார்கள். எறிந்தால் கோபம் மாதிரிதானே தெரியும்? கோபப்பட ஒரு பாவி வேண்டும், வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒருத்தரும் கேட்கவில்லை. புலியிடமிருந்து அவள் காப்பாற்றிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றதுதான் அந்த ஊர்.

பச்சையம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். "காலையிலகூடத் துப்பிட்டுப் போனேனே."

எல்லப்பன் எட்டிப் பார்த்தார். "மூடுங்கடா. வெளியூர்க்காரனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"மூடறேன் மாமா," என்றாள் மாதி. "இவ பேரைச் சொல்லுங்க, மூடறேன்."

அவர் கிழவர்களைப் பார்த்தார். கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் வாயிலிருந்து வந்ததாம் அந்த வார்த்தை.

"தெரியாது."

பிறகு கிட்டானிடம் திரும்பாமலே சொன்னாராம், "பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா."

அதோடு எறிகிற பழக்கம் ஒழிந்தது. பாவி மேடு என்ற பேரும் போய், அந்த இடம் கேட்டவ மேடு ஆனது. இப்போது அந்த ஊருக்கு மருமகள் காரில் வந்தாலும் நடுகல் பக்கத்தில் வண்டி நிற்கும். பெண் இறங்கி, "இது யாரு?" என்று கேட்பாள். ஊர் இளசுகள் எல்லாம் சுற்றி நிற்கும். ஊர்ப் பெரியவர் புலியைச் சொல்வார், அரிவாளைச் சொல்வார், பிள்ளைகளைச் சொல்வார். "பேரு?" என்பாள். "தெரியாது, மறந்துட்டோம்" என்று அவர் சொல்லியாக வேண்டும். பாதிப் பெரியவர்கள் அதை வாய்க்குள் முனகத்தான் செய்வார்களாம். கடைசியில் நிற்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி சொல்லும் வரைக்கும் பெண் வண்டியில் ஏற மாட்டாள்.