இடப்பக்கத்து இதழ்கள்

தட்டின் விளிம்பில் கோடு போடுவது கடினமான வேலை இல்லை. தூரிகையை அசையாமல் பிடித்தால் போதும்; சுழலும் மேசை தட்டைக் கொண்டுவந்து கோட்டைத் தானே வாங்கிக்கொள்ளும். பத்தொன்பது ஆண்டுகள் நான் அதைத்தான் செய்தேன். நடுவில் பூ வரைந்தது என் மனைவி.

பட்டறை எங்கள் வீட்டு மாடியில். கீழே சூளை. வெள்ளைப் பீங்கானில் தீட்டும் சாயம் முதலில் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். சுட்ட பிறகே நீலமாகும். வரைந்தவரே தன் பூவை அப்போதுதான் முழுதாகப் பார்க்க முடியும்.

சூளையைக் கவனித்துக்கொண்டவரைப் ‘புகை’ என்று கூப்பிடுவோம். அவருக்கு வாய் சும்மா இருக்காது. “அண்ணி பூப் போட்டா தேனீ வருது. அண்ணன் கோடு போட்டா எறும்புகூட ஏற மாட்டேங்குது,” என்பார். நானும் சிரிப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய தட்டுகளில் இடப்பக்கம் குறைய ஆரம்பித்தது. ரோஜாவின் வலப்புறம் இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். இடப்புறம் வெறும் வெள்ளை. அவளோ வேலை முடிந்த நிம்மதியில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருப்பாள். சொன்னால் உடைந்துபோவாள் என்று பட்டது. அவள் குளிக்கப் போன நேரத்தில் நான்கு இதழ்களை நானே போட்டுத் தட்டைச் சூளைக்கு அனுப்பினேன். அன்பினால்தான் செய்தேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

தட்டு வெந்து வந்ததும் புகை அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணி, உங்க கை இப்பதான் கனிஞ்சிருக்கு. இந்த இடப்பக்கத்தப் பாருங்க, காத்துல ஆடற மாதிரி இருக்கு.”

அதுவரை என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

பிறகு அவள் விட்ட இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. முதலில் இதழ்கள், அப்புறம் ஒரு கிளை, அப்புறம் பாதிப் பூங்கொத்து. அவளுடைய இடது தோளில் கதவு நிலை இடித்த கன்றல்கள் இருந்தன. “கதவு உனக்கு என்னடி கெடுதல் பண்ணுச்சு?” என்று கேலி செய்வேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். “ஏங்க, எனக்குக் கண்ணுல ஏதாவது கோளாறா இருக்குமோ? நாளைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்.”

அன்று சூளையிலிருந்து எடுத்த பெரிய தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். “கண்ணு கெட்டவளா இத வரைஞ்சா?”

தட்டை நகர்த்தி நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள். “இது நான் போட்டதுதானா?”

“வேற யாரு, நானா? என் கைக்குக் கோட்ட விட்டா என்ன தெரியும்?”

சிரித்துவிட்டாள். அவளே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, வரவில்லை என்று சொன்னாள். நான் அவளைத் தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு நாள் கழித்து, தட்டுகள் அடுக்கிய பலகையோடு சூளைக்கு இறங்கும்போது விழுந்தாள். அந்தப் படிகளின் இடப்பக்கத்தில் கைப்பிடி கிடையாது. “அங்க தரை இருக்கற மாதிரியே கால வெச்சாங்கண்ணே,” என்று புகை அழுதார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அவளுடைய தூரிகைக் காம்புகளில் அவள் யோசிக்கும்போது கடித்த பல் தடம் இருக்கிறது. நாளில் ஒருமுறையாவது அதைத் தடவிப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது முழுமையாகாது. அவள் என்னிடம் கேட்பதற்கு மூன்று மாதம் முன்பே நான் ஒரு கண் மருத்துவரிடம் போய், சொந்தக்காரர் ஒருவருக்கு என்று சொல்லி விசாரித்திருந்தேன். “உடனே கூட்டிட்டு வாங்க. போன பார்வை திரும்பாது. இருக்கறதச் சொட்டு மருந்துலயே காப்பாத்திடலாம்,” என்றார். சரி என்றேன். வரும் வழியில் எனக்கென்று மெல்லிய தூரிகை ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மடியில் வைத்து அவள் பார்த்த அந்தத் தட்டை அவளுடைய அக்கா நினைவுக்காகக் கேட்டார். கொடுத்தேன். “இதுல என் தங்கச்சி முழுசா இருக்கா,” என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. மாட்டும்போது இடப்பக்கத்தில் நல்ல வெளிச்சம் விழுகிற சுவராகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.