பள்ளம் தாண்டும் வண்டி

— யாரு ஓட்டப் போறாங்கன்னு மட்டும் சொல்லிருங்கக்கா. மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.

— நான்தான் ஓட்டப் போறேன்னு சொல்லிட்டேனே தம்பி. எத்தன வாட்டி கேப்பீங்க?

— நீங்க ஓட்டறதுன்னா சீட்ட உங்களுக்குப் பாத்து ஏத்தச் சொல்லுவீங்க. வந்ததுலருந்து எறக்கு, எறக்குங்கறீங்க. உங்க காலுக்கு இது பத்தவே பத்தாது. முட்டி போயி ஹேண்டில்பார்ல இடிக்கும், பாத்துக்குங்க.

— தாழ இருந்தாத்தான் எனக்குத் தைரியம். இருக்கட்டும். வண்டியக் காட்டுங்க.

— எங்க ஓட்டப் போறீங்க?

— பாதி தார் ரோடு, பாதி மண்ணுப் பாதை. ரெண்டுலயும் போகணும். வெல ரொம்ப வேணாம்.

— எந்தப் பக்கம்னு கேட்டேங்க.

— தீர்த்தமலைப் பக்கம். அடிவாரம் வரைக்கும் ரோடு, அதுக்கு மேல மண்ணுப் பாதை.

— அதுக்கு மேல படிக்கட்டுக்கா. பாப்பிரெட்டிப்பட்டில பொறந்தவனுக்கு தீர்த்தமலையத் தெரியாதா? படியில சைக்கிள் ஓட்டற ஆளா நீங்க?

— நீங்க வண்டி விக்கறீங்களா, விசாரணை பண்றீங்களா? வாசல்ல மாதவராஜ் சைக்கிள் கடைன்னுதானே போட்டிருக்கு?

— மாதவராஜ் நாந்தாங்க. போன வருஷம் ஒரு பையன் இதே மாதிரி வந்தான். சும்மா ஓட்டறதுக்குண்ணான்னான். அந்த வண்டியில போயி யாரோட ஆட்டையோ தூக்கிட்டான். என்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு நாள் பூரா பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. அன்னையிலருந்து ஆளத் தெரியாம வண்டி குடுக்கறதில்ல.

— என்னையப் பாத்தா ஆடு திருடறவ மாதிரியா இருக்கு?

— இல்லீங்க. வெளிய ஸ்கூட்டி நிக்குது, சாவி உங்க கையில. பெட்ரோல் வண்டி வெச்சிருக்கறவங்க மண்ணுப் பாதைக்கு ஏன் சைக்கிள் தேடறாங்கன்னுதான் யோசிக்கறேன்.

— ஒடம்பு எளைக்க.

— ம்.

— என்ன ம்? அந்த மூலையில செகப்பா நிக்குதே, அது எப்படி?

— பாக்கத்தான் ஜோரு. தடி டயரு, முன்னாடி ஸ்பிரிங்கு. பயலுங்க எல்லாம் அதத்தான் கேப்பானுங்க. இந்த வெலையில வர்ற ஸ்பிரிங்கு ஒண்ணுத்துக்கும் ஆவாது, எடையத்தான் கூட்டும். தார் ரோட்ல மிதிச்சீங்கன்னா மூட்ட ஏத்துன வண்டியத் தள்ளற மாதிரி இருக்கும்.

— அப்ப வேணாம். அந்த ஒல்லி டயரு?

— ரோட்ல பறக்கும். மண்ணுல எறக்குனா அறுத்துக்கிட்டு உள்ள போயிரும். உங்க பாதையில மணல் இருக்குதுங்களா?

— இருக்கு. நடுவுல ஒரு ஓடைப் பள்ளம். தண்ணி இல்ல, மணல் மட்டும். இந்தப் பக்கம் எறங்கி அந்தப் பக்கம் ஏறணும். ஏறுன ஒடனே தார் ரோடு. அங்கருந்து வேகமாப் போகணும்.

— எவ்வளவு வேகமா?

— வேகம்னா வேகம்தான்.

— பின்னாடி யாராவது தொரத்தற மாதிரியா?

— என்ன கேக்கறீங்க?

— சும்மா கேட்டேங்க. அப்ப இந்தப் பச்ச வண்டியப் பாருங்க. செகண்ட் ஹேண்டு. டயரு ஒல்லியுமில்ல, தடியுமில்ல. நடுவுல வழவழப்பா இருக்குதா, ஓரத்துல மட்டும் பல்லு. ரோட்ல இழுக்காது. மணலுக்குக் கொஞ்சம் காத்தக் கொறச்சு வுட்டாப் பொதையாது. ஸ்பிரிங்கு கெடையாது. பின்னாடி மட்டும் ஏழு கியரு. ஒரு கையில தூக்கிப் பாருங்க.

— எடையே இல்லையே.

— அதான் சொல்றேன். ஏத்தத்துல மிதிக்க முடியலைன்னா தோள்ல போட்டுக்கிட்டு ஏறிரலாம்.

— என்ன வெல?

— ஆறாயிரம் குடுங்க.

— இந்த வண்டி ஆறாயிரமா? புதுசு மூணு மடங்கு வருமே. இது யாரோடது? திருட்டு வண்டியா?

— பாருங்க, நான் உங்களச் சந்தேகப்பட்டா தப்பு, நீங்க என்னையப் படலாம். பெங்களூர்ல வேல பாத்த பையனுது. வேல போயி ஊருக்கு வந்தான், வித்துட்டுப் போனான். அவன் நம்பரு தர்றேன், பேசிக்குங்க.

— இருக்கட்டும். கியரெல்லாம் அவளுக்கு... எனக்குப் பழக்கமில்ல.

— அவளுக்குன்னீங்க.

— எனக்குன்னேன்.

— சரிங்க.

— செயின் கழறாதுல்ல? அதச் சொல்லுங்க. எவ்வளவு குலுங்குனாலும் கழறக் கூடாது.

— கடைக்கு வர்றவங்க கலரக் கேப்பாங்க, வெலையக் கேப்பாங்க. செயினக் கேக்கறவங்க ஒருக்கா செயின் கழண்டு மாட்டுனவங்களாத்தான் இருப்பாங்க.

— கழறுமா, கழறாதா?

— பின் சக்கரத்துக்குக் கீழ தொங்குதே, இந்தக் கை செயின எப்பவும் இழுத்துப் புடிச்சுக்கும். இது பழசு. புதுசு போட்டுத் தர்றேன். கழறாது.

— மிதிக்காம உருட்டுனா டிக்கு டிக்குங்குதே. அந்தச் சத்தம் வராமப் பண்ண முடியுமா?

— உள்ள கிரீஸ் வெச்சா அடங்கும். மணி?

— கழட்டிருங்க.

— பின்னாடி செகப்பு ரிஃப்ளெக்டரு?

— அதையும்.

— அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஓட்டறது சின்ன ஆளு. சத்தம் வரக் கூடாது, மினுங்கக் கூடாது, வேகமாப் போகணும். இந்த வண்டிய நான் தர மாட்டேங்க.

— கேட்ட பணத்தக் கையில குடுக்கறேன்.

— பணத்துக்கில்லீங்க. நாளைக்கு எதாவது பொண்ணு எவன்கூடவாவது ஓடிப் போச்சுன்னா, வண்டி எந்தக் கடையில வாங்குனதுன்னு என் சட்டையத்தான் புடிப்பாங்க.

— பொண்ணுன்னு நான் சொல்லவே இல்லையே.

— அவளுக்குன்னு சொன்னீங்களே.

— ஃபோன்ல என்ன பண்றீங்க? யாருக்கு அனுப்பறீங்க?

— அந்தச் செயின் கை ஸ்டாக்கு இருக்குதான்னு தருமபுரில கேக்கறேன். எப்படியும் வேற யாருக்காவது ஆவும்.

— காட்டுங்க.

— இந்தாங்க. பாத்தாச்சா? நீங்க டீச்சருங்களா?

— எப்படித் தெரியும்?

— முன்னப் பின்னத் தெரியாத ஆளோட ஃபோனக் காட்டுங்கன்னு கேட்டீங்க பாருங்க. நானும் காட்டிட்டேன். டீச்சருங்கதான் அப்பிடிக் கேப்பாங்க.

— என் பேரு ஜெயராணி. கவர்மெண்ட் ஸ்கூல்ல கணக்கு. போதுமா?

— கவர்மெண்ட் ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் புள்ளைங்களுக்குச் சும்மாவே சைக்கிள் குடுக்கறாங்களே டீச்சர். நீங்க ஏன் கைக்காசு போட்டு வாங்கறீங்க?

— குடுத்தாங்க. அவ அப்பா வித்துட்டாரு.

— ஏன்?

— இனிமே எதுக்குப் பள்ளிக்கூடம்னு. கல்யாணம் வெச்சுட்டாரு. இப்பத் தெரிஞ்சுதா? அவ எவன்கூடவும் ஓடிப் போகல. கல்யாணத்துலருந்து ஓடி வர்றா. போங்க, யாருகிட்ட வேணாலும் போய்ச் சொல்லுங்க.

— நான் யாருகிட்டங்க சொல்லப் போறேன். இதுக்குன்னு ஃபோன் நம்பரெல்லாம் இருக்குதே. பண்ணலாமில்ல?

— பண்ணேன். ஆபீசருங்க ஜீப்பு போறதுக்குள்ள ஊருக்குச் சேதி போயிருச்சு. வந்தவங்க முன்னாடி அவ பெரியப்பா பொண்ணக் கொண்டாந்து நிறுத்தி, இவதான் கல்யாணப் பொண்ணுன்னுட்டாங்க. அதுக்கு இருவது வயசு. ஜீப்பு திரும்பிப் போயிருச்சு. அதுலருந்து புள்ளைய வெளியவே வுடறதில்ல. ஆட்டுக்குத் தழை ஒடிக்க மட்டும் சாயங்காலம் கொல்லைக் காட்டுக்கு அனுப்பறாங்க.

— அப்ப ஓடி வரணும்.

— போன வாரம் வந்தா.

— வந்தாளா?

— சிநேகிதியோட சைக்கிள்ல. ஸ்கூல்ல குடுத்த கனமான வண்டி. நான் தார் ரோட்ல ஸ்கூட்டியோட நின்னுக்கிட்டிருந்தேன். அவ ஓடையில எறங்கறது எனக்குத் தெரியுது. மணல்ல சக்கரம் பொதஞ்சுது. தள்ளுனா. செயின் கழண்டு சிக்கிக்கிச்சு. வண்டியப் போட்டுட்டு வாடி, போட்டுட்டு வாடின்னு கத்தறேன். சிநேகிதி வண்டியாச்சேன்னு குனிஞ்சு செயின மாட்டறா தம்பி. பின்னாலயே வந்து முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் பள்ளத்துல எறங்கறப்ப ஆளே இல்ல. வண்டி மட்டும் கெடக்குது.

— காய்ச்சல்னுல்ல சொன்னாங்க...

— என்னது?

— ஒண்ணுமில்லீங்க. நீங்க சொல்லுங்க.

— என்ன சொல்றது? இப்ப என் ஸ்கூட்டி அந்தப் பக்கம் போனாலே ஆளுங்க எட்டிப் பாக்கறாங்க. நான் போயி நிக்க முடியாது. அவளேதான் பள்ளத்தத் தாண்டி, தார் ரோட்டப் புடிச்சு டவுன் வரைக்கும் வந்து சேரணும். அதுக்குத்தான் நல்ல வண்டியாக் கேக்கறேன். எளைக்கறதுக்கு இல்ல.

— அந்த ஓடை... கரையில வரிசையாப் புங்க மரம் நிக்குமே. ஊத்துப்பள்ளத்துக்குப் போற வழிதானுங்களே?

— நான் ஊர் பேரே சொல்லல.

— மாதையன் பொண்ணு. கோகிலவாணி. கல்யாணம் வர்ற வியாழக்கெழம.

— யாரு நீங்க?

— டீச்சர், உக்காருங்க.

— பேரு எப்படித் தெரியும்? நாள் எப்படித் தெரியும்? சைக்கிள் வெச்சு என் வாயப் புடுங்கிட்டீங்க, இல்ல? மாதையனுக்கு நீங்க என்ன வேணும்? எதுக்கு இப்ப ஷட்டர எறக்கறீங்க?

— பாதிதாங்க எறக்கறேன். எதுத்தாப்புல டீக்கடையில துண்டு போட்டுக்கிட்டு நிக்கறாரே, அவரு மாதையனோட மச்சான். உங்க ஸ்கூட்டியவே பாத்துக்கிட்டிருக்கறாரு.

— நீங்க வரச் சொன்னீங்களா?

— சத்தியமா இல்லீங்க.

— அவரு மச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர்ல யாரு யாருக்கு என்ன உறவுன்னெல்லாம் சைக்கிள் கடைக்காரருக்கு எதுக்குத் தெரியணும்? வழிய வுடுங்க. எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— போங்க, நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?

— தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?

— சொல்லுங்க டீச்சர்.

— பதினாறு.

— நல்லாத் தெரியுமா? பள்ளிக்கூடத்துல கூடக் கொறச்சுப் போட்டுருப்பாங்கல்ல?

— யாரு கூட்டி யாரு கொறச்சாலும் பதினாறுதான். பத்தாவதுல நாந்தான் அவளுக்குக் கிளாஸ் டீச்சர். கணக்கு வரலைன்னா நகத்தக் கடிப்பா. போன மாசம் கல்யாணச் சேதியச் சொல்ல வந்தப்பவும் நகத்தக் கடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. புடவை கட்டத் தெரியாது மிஸ், என்ன பண்றதுன்னு கேட்டா. அதுதான் அவ கவலை. அழுகை எல்லாம் அப்பறம்தான் வந்துச்சு.

— உங்க பக்கத்துல ஸ்பேனர் கெடக்குது பாருங்க. அத எடுங்க.

— எதுக்கு?

— சீட்ட எறக்கறேன். அவ ஒசரம் எவ்வளவுன்னு சொல்லுங்க.

— என் தோள் வரைக்கும் வருவா. அப்ப வண்டி தர்றீங்களா?

— தர்றேன். ஆனா எந்தப் பொதர்லயும் கொண்டு போயி ஒளிச்சு வெக்காதீங்க. ஸ்கூல்லயே வெச்சுக்குங்க. வியாழன் தாண்டித் திங்கக்கெழம அவளே வந்து எடுத்துக்கட்டும். தெனம் ஓட்டிக்கிட்டு வரட்டும்.

— புரிஞ்சுதான் பேசறீங்களா? வியாழக்கெழம தாலி கட்டிருவாங்க தம்பி.

— கட்ட மாட்டாங்க.

— யாரு நிறுத்துவா? மாதையனா? இல்ல, அந்த மாப்பிள்ளையா? முப்பது வயசுக்காரனாம். இந்தப் புள்ளையப் பாத்துட்டுத் தலையாட்டுனவன் நிறுத்துவானா? அவனெல்லாம் மனுசனா?

— திரும்ப அந்த நம்பருக்கு ஃபோன் பண்ணுங்க டீச்சர். ஜீப்பு வரட்டும். இந்தத் தடவ பொண்ணு வூட்டுக்குப் போக வேணாம், நேரா இந்தக் கடைக்கு வரச் சொல்லுங்க. எல்லாத்தையும் நான் சொல்றேன்.

— உங்க பேச்ச அவங்க எதுக்குக் கேக்கணும்? இந்தக் கல்யாணத்துல நீங்க யாரு?

— பத்தொம்பதுன்னு சொன்னாங்க, நம்பிட்டேங்க. அந்த மாப்பிள்ளை நாந்தான்.