தந்தி வாங்கப் போனவர்

சிம்பாங் அம்பாட் ரோட்டுத் தடுப்பில் பஸ்ஸை நிறுத்தி, எங்களைச் சோதனைக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"தமிழ் தெரியாத தமிழனாலதான் எங்கண்ணன் உள்ள போனாரு," என்றாள் மூத்தவள்.

"கரண்டு கித்தார் வாசிப்பாரே, அவரா அக்கா?"

"அவருதான். மலாக்காவுல மொத மொதல்ல வாசிச்சதே அவருதான்லா. இதே இடத்துல எறக்கி, எங்க போறன்னு கேட்டாங்க. கித்தாருக்குத் தந்தி வேணும், டவுனுக்குப் போறேன்னாரு. மொழிபெயர்க்க நின்ன, தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற கிராணி, நாசமாப் போறவன், தந்தி அடிக்கப் போறான்னு வெள்ளைக்காரன்கிட்ட சொல்லிட்டான். பொட்டியத் தொறந்தா ஒரே வயரு, பேட்டரி. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குச் சேதி அனுப்புறவன்னு ரெண்டு வருசம் அடைச்சிட்டாங்க."

"இப்ப வாசிக்கிறாரா?"

"தோட்டத்துல ரப்பர் மரம் சீவுறாரு. அவரு மெட்ட வேற ஒருத்தன் ரேடியோவுல வாசிக்கிறான். அவந்தான் மொத ஆளாம்!"

"அந்தக் கிராணி?"

வரிசை நகர்ந்தது. மூத்தவள் பையைத் திறந்து போலீஸ்காரனிடம் நீட்டினாள்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. எங்கண்ணன் மகனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறான்."