இறுகாத மூலை

உங்கள் விசாரணை அறையின் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. ஆடுகிற எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது, தொழில் அப்படி.

கட்டடம் எழுப்புமுன் தளர்ந்த மணலை இறுக்க, அதற்குள் ஆழத்தில் வெடி வைப்பார்கள். மணல் குலுங்கி அமுங்கும், மேல்தரை முழங்கால் அளவு இறங்கும். பிறகு லாரியில் பொருத்திய கம்பியை உள்ளே அழுத்தி, மண் கெட்டிப்பட்டதா என்று பார்ப்பது என் வேலை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெடித்த புதிதில் மண் முன்னைவிடத் தொளதொளவென்றுதான் காட்டும். சில வாரம் விட்டால் தானே இறுகும்.

போன வேலையில் பொறியாளர் அதற்குப் பொறுக்கவில்லை. வெடித்த அன்றே என் தம்பியை லாரியோடு உள்ளே அனுப்பினார். தண்ணீர் கொப்பளித்த மணல் லாரியை அவனோடு சேர்த்து விழுங்கியது. “நான் போகச் சொல்லல. அவனாத்தான் போனான்” என்றார், என் அம்மாவின் எதிரிலேயே. அன்று பற்றிய வயிறு இன்னும் எரிகிறது.

இந்த வேலைக்கும் அதே பொறியாளர்தான். இங்கே கிழக்கு மூலை மட்டும் இறங்கவில்லை. கம்பியை உருவினேன், களிமண் அப்பிக்கொண்டு வந்தது. களிமண்ணுக்கு வெடி பலிக்காது, அது எத்தனை வாரமானாலும் இறுகாது. கம்பியைத் துடைத்தேன். துடைப்பது வழக்கம்தான். அளவுகளை உள்ளபடியே காட்டினேன், ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

“வெடிச்ச புதுசுதானே சார், போகப் போக இறுகிடும்” என்றேன்.

“எனக்குத் தெரியாதா?” என்றார்.

சூடு கண்ட பூனை. இந்த முறை வாரக்கணக்கில் காத்திருந்தார். “மறுபடி குத்திப் பாக்கவா சார்?” என்று நானே கேட்டேன்.

“எதுக்கு? அதான் இவ்வளவு நாள் விட்டாச்சே. கிரேன ஏத்தச் சொல்லு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் விடுப்பில் போனார். விடுப்பு எனக்கு முன்பே தெரியும். அவர் சாகக்கூடாது. உயிரோடு இருந்து பதில் சொல்ல வேண்டும்.

அன்றே கிழக்கு மூலையில் கிரேன் புதைந்து சாய்ந்தது. அதை ஓட்டியவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல பையன், தினமும் வணக்கம் சொல்வான். பிணவறை வாசலில் அவனுடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருண்ணே இதுக்குக் காரணம்?” என்று கதறினான். பொறியாளர் வீட்டுக்கு வழி சொன்னேன். தம்பியைப் பறிகொடுத்தவன் ஆயிற்றே, என்னால் முடிந்த ஆறுதல் அதுதான்.