வீட்டு மூட்டையில் மூன்று உறைகள்

– இங்க் கறையாம்! யார்கிட்ட சொல்றே? ஊர்ச் சட்டையெல்லாம் துவைச்சுக் கொடுக்கிற லாண்டரிக்காரன்கிட்டயா?

– நிஜமாத்தான்பா. சிவப்புப் பேனா ஒழுகிடுச்சு.

– பேனாவைத் தலைக்கு வெச்சுக்கிட்டா தூங்கினே? இங்க்னா பரவியிருக்கும், கண்ணு. இது ஓரம் கறுத்து, நடுவுல பழுப்பா நிக்குது. ரத்தம். அதுவும் வெந்நீர் ஊத்திக் கசக்கியிருக்கே. வெந்நீர் பட்டா ரத்தக்கறை துணிக்குள்ள குடியேறிடும். லாண்டரிக்காரன் பொண்ணு பண்ற காரியமா இது?

– ஐயோ, மெதுவாப்பா. முன்னால அம்மா இஸ்திரி போடறாங்க.

– கேட்கட்டும். மூக்குல ரத்தம் வருது, அப்படித்தானே?

– வருது. நைட்ல ரெண்டே தடவை. சூட்டுக்கு வந்திருக்கும். என் வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். ஓவராப் பண்ணாதீங்க.

– ரெண்டா? இதோ மூணு தலகாணி உறை. எல்லாம் இந்த வாரத்து வீட்டு மூட்டை.

– நான் பாழ்பண்ணது ரெண்டுதான்பா. சத்தியமா.

– எதுக்கு நான் வீட்டுத் துணிக்கே குறி போட்டு வெச்சிருக்கேன்? மூலையில மஞ்சள் நூல் உனக்கு, பச்சை அம்மாவுக்கு, நீலம் எனக்கு. இன்னிக்கு வரைக்கும் ஒரு கைக்குட்டைகூட ஆள் மாறினதில்ல. இந்தா, மஞ்சள். இதுவும் மஞ்சள். மூணாவதையும் பிரிச்சுக் காட்டணுமா?

– சரி, சாமி. ஒத்துக்கறேன்.

– ரத்தம் வந்தா என்ன பண்றே?

– அண்ணாந்து படுத்துப்பேன்.

– போச்சு! அத்தனையும் தொண்டைக்குள்ள இறங்கிக் குமட்டும். நேரா உட்காரணும். தலையை முன்னால சாய்க்கணும். மூக்குல மெத்துனு இருக்கிற இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வாயால மூச்சு விடணும். பத்து நிமிஷம். நின்னுடுச்சான்னு நடுவுல நடுவுல கையை எடுத்துப் பார்க்கக் கூடாது.

– இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

– கடைக்கு நாலு பேர் வர்றாங்க, நாலு விஷயம் காதுல விழுது. பேச்சை மாத்தாதே. சட்டுனு நின்னுடுதா?

– நைட்ல நின்னுடும். நேத்து ஸ்கூல் பாத்ரூம்லதான்... அரை மணி நேரம்.

– அரை மணி நேரமா! அடிப்பாவி, அதுக்கு அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும்! வேற என்ன? பல் தேய்க்கிறப்போ ரத்தம் வருதா? அடிபடாமலே எங்கேயாவது கன்னிப்போயிருக்கா?

– தொடையில ஒரு இடம். எங்கேயும் இடிச்சுக்கல.

– முடிஞ்சுது. இன்னிக்கே டாக்டர்.

– வேண்டாம்பா, ப்ளீஸ்! சனிக்கிழமை ரிலே. கடைசி ஓட்டம் என்னோடது. விஷயம் தெரிஞ்சா மாஸ்டர் என்னை உட்கார வெச்சிட்டு அந்த ஒட்டகச்சிவிங்கியை இறக்கிடுவாரு. அவ குச்சியைக் கீழே போடறதுல எக்ஸ்பர்ட்!

– நீ டிராக்ல சுருண்டு விழுந்தா அந்தக் கப்பை வெச்சு நான் என்ன பண்ண? இஸ்திரியா போட? பயமா இருக்கு, கண்ணு. நேத்து இதைப் பார்த்ததுல இருந்து சோறு இறங்கல.

– டாக்டர் பார்த்துட்டு ஓடலாம்னு சொன்னா?

– முதல் ஆளா வந்து விசில் அடிக்கிறேன். ஆனா மறைக்கிறது மட்டும் வேண்டாம். உடம்புல ஒண்ணுன்னா ஒளிச்சு ஒளிச்சுத் துவைச்சுப் போடறதா? புத்தியுள்ளவங்க செய்வாங்களா? இந்தா, மூணையும் எடுத்துட்டுப் போய்ப் பச்சத் தண்ணியில உப்புப் போட்டு ஊற வை. நான் கிளினிக்குக்குப் போன் போடறேன்... ஹலோ, டோக்கன் வேணுங்க. ஒண்ணு. என் பொண்ணுக்கு. மூக்குல ரத்தம், அடிக்கடி... என்னது, வீட்ல வேற யாருக்காவதா? சேச்சே! எங்க வம்சத்து மூக்கெல்லாம் இரும்புக் குழாய்ங்க.

– அப்பா.

– இரு, பேசறேன்ல. ஆமாங்க, யாருக்குமே கிடையாது, அப்படியே எழுதிக்குங்க...

– அப்பா, போனை வெச்சிடாதீங்க. ரெண்டு டோக்கன்னு சொல்லுங்க. மூணாவது உறையில இருக்கிறது நீல நூல்.